127 பற்கள்

சுரங்கம் மூடிய ஊரில், வீட்டுப் பின்கட்டில் ஒரு குட்டி லேத். அதில் ஒரு சின்னப் பற்சக்கரம் வெட்ட முடியுமா? முடியும். ஆனால் அதற்கு முன் ஒரு வட்டத்தை 127 சம பங்குகளாகப் பிரித்தாக வேண்டும்.

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கையில் டிபன் கேரியர், தோளில் பை. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆளேற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய்ச் சேரும் ரயிலில் கட்டட வேலைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளும் நெருக்கியடித்துப் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்கு நடுவே டர்னர், ஃபிட்டர், மில்லிங் ஆபரேட்டர் என்று இரும்போடு பழகிய கைகளும் உண்டு. அப்பாவும் தாத்தாவும் பூமிக்குள் இறங்கினார்கள். இவர்கள் பெங்களூர் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள்.

கோலார் தங்கவயலின் கதை பலரும் அறிந்ததுதான். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880-ல் இங்கே கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிற்று. 1956-ல் மைசூர் அரசு கையிலும் 1962-ல் மத்திய அரசு கையிலும் வந்த சுரங்கங்கள் 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு எல்லாம் நின்றது. எஞ்சியவை சைனைடு மண்ணாலான குன்றுகள், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற பேட்டைகள்.

தங்கவயல் என்றால் எல்லோருக்கும் பாறையை உடைத்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது நியாயமும்கூட, உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு ஆளை இறக்கவும் பாறையை ஏற்றவும் காற்றை அனுப்பவும் தண்ணீரை இறைக்கவும் இயந்திரங்கள் வேண்டியிருந்தன. இயந்திரம் இருந்தால் பட்டறையும் இருக்கும். ஆழத்தில் ஷிப்ட் நடக்கும்போது ஒரு பம்பின் பல் உடைந்தால், கப்பலில் உதிரிபாகம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கையிலிருக்கும் லேத்தில் கடைந்துதான் தீர வேண்டும். இந்தப் பழக்கத்துக்குக் கைவேலை என்று பெயர். எந்தச் சான்றிதழிலும் அது முழுதாக எழுதப்படுவதில்லை. பொதுத்துறை நிறுவனமான பெமல், தங்கவயலிலேயே மண்வாரி இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய பிறகும் இந்தக் கைகளுக்கு வேலை இருந்தது.

ஆண்டர்சன்பேட்டையில் அப்படி ஒருவரின் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிறு லேத் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை குதிரைச் சக்தி மோட்டார், வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். ஆங்கிலேயக் காலத்து வடிவமைப்பு என்பதால் அதற்குத் தெரிந்த ஒரே மொழி அங்குலம். பழுது என்று வருகிற சாமான்களோ மில்லிமீட்டரில் பேசுகின்றன. இந்தியா 1956-ல் மெட்ரிக் சட்டம் இயற்றி 1962-க்குள் படிப்படியாக அளவுகளை மாற்றிவிட்டது. கடையில் கிடைக்கும் நட்டும் போல்ட்டும் மில்லிமீட்டர். லேத் மட்டும் மாறவில்லை.

லேத்தில் மரை போடுவதன் சூட்சுமம் எளிது. சக்கில் மாட்டிய கம்பி ஒரு சுற்றுச் சுற்றும்போது, கீழேயுள்ள லீட் ஸ்க்ரூ எவ்வளவு சுற்றுகிறதோ அந்தத் தூரத்துக்கு வெட்டும் கருவி நகரும். இரண்டையும் இணைப்பவை சேஞ்ச் கியர் எனப்படும் பற்சக்கரங்கள். சிறு லேத்துகள் பலவற்றில் லீட் ஸ்க்ரூவுக்கு அங்குலத்துக்கு 8 மரை. அதாவது ஒரு சுற்றுக்குக் கால் அங்குலத்தில் பாதி. நம் தச்சர்களும் கொத்தனார்களும் இன்றைக்கும் 'ஒரு நூல்' என்று சொல்லும் அளவு இதுதான். மில்லிமீட்டரில் 3.175.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மரை போட வேண்டுமானால் கம்பி ஒரு சுற்றுச் சுற்றும்போது லீட் ஸ்க்ரூ 3.175-ல் ஒரு பங்கு சுற்ற வேண்டும். இந்தப் பின்னத்தைச் சுருக்கிப் பார்த்தால் 40-க்கு 127 என்று வந்து நிற்கும். 40 பல் சக்கரம் ஒன்று, 127 பல் சக்கரம் ஒன்று. இரண்டையும் கோத்தால் அங்குல லேத் சுத்தமான மில்லிமீட்டர் பேசும். 1.5 மில்லிமீட்டர் மரை வேண்டுமா? 40-ஐக் கழற்றிவிட்டு 60 பல் சக்கரத்தைப் போட்டால் ஆயிற்று. 127 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏன் குறிப்பாக 127? ஒரு அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் தமக்குள் முடிவு செய்துகொண்டன. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண். வேறு எந்த எண்ணாலும் வகுபடாது. ஆகவே அதைவிடச் சின்னச் சக்கரத்தால் இந்தக் கணக்கைத் துல்லியமாகச் செய்ய வழியே இல்லை. ஏறக்குறையச் செய்யலாம். அவசரத்துக்குப் பலர் 63 பல் சக்கரத்தை 20 பல்லோடு கோப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குப் பதில் 1.008 வரும். கட்டைவிரல் அகல நட்டுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. நீளமான திருகில்தான் குட்டு வெளிப்படும்: 100 மரைக்கு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போய், நட்டு பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.

அந்த 127 பல் சக்கரத்தை எங்கே வாங்குவது? பழைய லேத்துக்கு உதிரிபாகம் செய்த கம்பெனி எப்போதோ மூடியிருக்கும். பெங்களூரில் பற்சக்கரம் வெட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஹாப்பிங் இயந்திரத்தில் ஆயிரம் சக்கரம் வெட்டித் தள்ளுகிறவருக்கு ஒரே ஒரு சக்கரத்துக்காகக் கருவியை மாற்றிப் பொருத்துவது கட்டுப்படியாகாது. ஒற்றைச் சக்கரம் யாருக்கும் வியாபாரமில்லை. வேண்டியவரே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பற்சக்கரம் வெட்டுவதில் மூன்று வேலைகள் உண்டு. வட்டத்தைச் சமமாகப் பங்கிடுவது, பல்லின் வடிவத்துக்குக் கட்டர் செய்வது, வெட்டுவது. வெட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபம். பங்கிடுவதில்தான் தலைவலி.

பட்டறைகளில் இதற்கு டிவைடிங் ஹெட் என்ற சாதனம் இருக்கிறது. உள்ளே 40 பல் கொண்ட வார்ம் வீல் ஒன்று, அதைத் திருப்ப ஒரு வார்ம் திருகு. கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால்தான் வேலைப்பொருள் ஒரு முழு வட்டம் திரும்பும். 40 பல் வெட்ட வேண்டுமானால் பல்லுக்கு ஒரு சுற்று. 20 பல்லென்றால் இரண்டு சுற்று. 28 பல்லென்றால்? 40-ஐ 28-ஆல் வகுத்தால் ஒன்றே ஏழில் மூன்று. இந்த ஏழில் மூன்றை எப்படி அளப்பது? கைப்பிடிக்குப் பின்னால் துளைகள் வட்ட வட்டமாகப் போட்ட தட்டு இருக்கும். 21 துளை வட்டத்தில் ஒரு முழுச் சுற்றும் அதற்குமேல் 9 துளையும் நகர்த்தினால் கணக்கு நேராகிவிடும். பிரௌன் அண்ட் ஷார்ப் முறையில் இப்படி மூன்று தட்டுகள். 15 முதல் 49 வரை 18 துளை வட்டங்கள். பெரும்பாலான சக்கரங்களுக்கு இது போதும்.

127-க்குப் போதாது. 127 பகா எண் என்பதால் 127 துளை உள்ள வட்டமே வேண்டும். அது மூன்று தட்டிலும் இல்லை. பெரிய பட்டறையில் யுனிவர்சல் டிவைடிங் ஹெட் இருந்தால் தட்டையே 24 பல், 56 பல் சக்கரங்களால் மெதுவாகத் திருப்பி ஏமாற்று வேலை ஒன்று செய்யலாம். பின்கட்டில் அது இராது. ஆக, 127 பல் சக்கரம் வெட்ட 127 துளைத் தட்டு வேண்டும். 127 துளைத் தட்டு செய்யவும் வட்டத்தை 127-ஆகப் பங்கிட வேண்டும். கோழியா முட்டையா என்ற பழைய சிக்கல்!

இதற்கு உலகெங்கும் வீட்டுப் பட்டறைக்காரர்கள் கையாளும் விடை, ஒரு சாதாரண எஃகு அளவு நாடா. தையல்காரர் நாடா உதவாது; இழுத்தால் நீளும். எஃகு நாடாவில் சரியாக 25 அங்குலம் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். 25 அங்குலம் என்றால் 635 மில்லிமீட்டர். 635-ல் எத்தனை ஐந்து? 127! அங்குலமும் மில்லிமீட்டரும் சண்டையில்லாமல் சந்திக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மரத்தட்டு ஒன்றை லேத்தில் மாட்டி, சுமார் 202 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்து, விளிம்பில் நாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முனை முட்டவில்லையென்றால் இன்னும் ஒரு மயிரிழை கடைய வேண்டும். அதிகம் கடைந்துவிட்டால் வேறு தட்டு. பொறுமையின் முதல் பரீட்சை இங்கேதான். 635-வது கோடு பூஜ்யத்தின் மேல் வந்து உட்காரும்போது, வட்டம் 127 பங்காகிவிட்டது.

இனி நாடா சுற்றிய தட்டை ஸ்பிண்டிலில் பொருத்தி, ஒரு முள்ளை லேத்தின் படுகையில் நிறுத்தி, 5 மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு துளை, மறுபடி 5 மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு துளை என்று இரும்புத் தகட்டில் 127 துளைகள் போட்டுக்கொள்ளலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண் கொஞ்சம் பிசகும். 0.2 மில்லிமீட்டர் பிசகுகிறது என்று வைப்போம். இந்தத் தட்டையே நேரடியாக நம்பி, 63.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை வெட்டினால் பல்லுக்குப் பல் 0.06 மில்லிமீட்டர் வரை முன்பின் ஆகும். சக்கரம் ஓடும், ஆனால் முனகிக்கொண்டே ஓடும்.

கெட்டிக்காரத்தனம் அடுத்த படியில் இருக்கிறது. துளைத் தட்டை வேலைப்பொருளோடு சேர்க்காமல் வார்ம் திருகின் கைப்பிடியோடு சேர்த்துவிட்டால், தட்டில் உள்ள பிழை 40-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 0.06 இப்போது 0.0016 மில்லிமீட்டர். கண்ணால் கோடு பார்த்துப் போட்ட துளையிலிருந்து மைக்ரான் கணக்கில் துல்லியம்! வார்ம் வீலுக்கென்று சொந்தப் பிழைகள் உண்டு, அதைத் தட்டு சரி செய்யாது. ஆனாலும் மோசமான கருவியிலிருந்து நல்ல கருவியையும் நல்லதிலிருந்து அதைவிட நல்லதையும் பெற்றெடுக்கும் வித்தை இதுதான். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770-களில் கோண அளவுக் கருவிகளுக்குக் கோடு போடும் இயந்திரம் செய்தபோது, 45 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் 2160 பற்களை வெட்டினார். திருகு ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 10 நிமிடக் கோணம் நகரும். கப்பல் மாலுமிகளின் செக்ஸ்டன்ட் கருவிகளில் இருந்த கோடுகள் அப்படிப் பிறந்தவை.

வட்டத்தைப் பங்கிடும் கலைக்கும் தங்கவயலுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1802-ல் மைசூர் ராஜ்யத்தின் கிழக்கெல்லையை அளக்க வந்த 33-வது ரெஜிமென்ட் அதிகாரி ஜான் வாரன்தான் உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதை முதலில் அறிக்கையாக எழுதியவர். அதே ரெஜிமென்ட்டைச் சேர்ந்த வில்லியம் லாம்ப்டன் அதே 1802-ல் சென்னையில் மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருடைய கருவி, 36 அங்குல வட்டம் கொண்ட அரை டன் தியோடலைட். 1808-ல் தஞ்சையில் கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் போராடி, நெளிந்த வட்டத்தைத் தட்டி இழுத்து மறுபடி வட்டமாக்கினார். ஒற்றைக் கருவி உடைந்தால் அதைத் தானே சரி செய்கிறவனே பிழைப்பான் என்பது அன்றைக்கும் நிலவரம்தான்.

இனி கட்டர். பற்சக்கரத்தின் பல் முக்கோணமல்ல. அதன் பக்கங்கள் மெலிதாக வளைந்திருக்கும். பம்பரத்தில் சுற்றிய சாட்டையை விறைப்பாகப் பிடித்தபடியே பிரித்துக்கொண்டு வந்தால் அதன் நுனி காற்றில் ஒரு கோடு வரையுமே, அந்த வளைவுதான். ஆங்கிலத்தில் இன்வொல்யூட். இரண்டு சக்கரங்கள் அந்த வளைவில் தொட்டால், தள்ளும் வேகம் துளியும் ஏறி இறங்காது. அச்சுகளின் இடைவெளி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை. கணித மேதை ஆய்லர் 18-ம் நூற்றாண்டில் சொன்ன யோசனை இது. சக்கரத்தில் பல் எண்ணிக்கை மாற மாற வளைவும் மாறும். அதனால் கடையில் விற்கும் கட்டர்கள் எட்டெட்டாக வரும். 12, 13 பல்லுக்கு ஒன்று, 14 முதல் 16 வரை ஒன்று என்று தொடங்கி, 55 முதல் 134 பல் வரை ஒரே கட்டர். நம் 127 இந்த ஏழாவது வீட்டில் குடியிருக்கிறது.

வாங்கினால் விலை அதிகம். ஒரு சக்கரத்துக்காக வாங்குவது ஊதாரித்தனம். வீட்டுப் பட்டறைக்காரர் தானே ஒரு கட்டர் செய்துகொள்வார். சக்கரத்தின் விட்டம் 63.5 மில்லிமீட்டர், பல்லின் அழுத்தக் கோணம் 20 டிகிரி என்றால், 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு எஃகு வில்லைகளை அருகருகே பொருத்தி அவற்றையே கடைசல் கருவியாக்கலாம். வில்லைகளின் உருண்டை விளிம்பு, கட்டர் வில்லையின் இரு பக்கத்தையும் குழிவாக வெட்டும். அந்தக் குழிவு பிறகு சக்கரத்தில் பல்லின் மேடாகும். கட்டருக்கு ஏற்றது சில்வர் ஸ்டீல். பெயரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. வடிவம் வந்ததும் செக்கச் செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், கீழே போட்டால் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை காட்டி எடுத்தால் முறுக்கு தணியும். இங்கே வெப்பமானி கிடையாது, நிறம் பார்க்கும் கண்தான் அளவுகோல். நிறம் வைக்கோலைத் தாண்டி நீலத்துக்குப் போய்விட்டால் கட்டர் மழுங்கும். திரும்பக் காய்ச்ச வேண்டும்.

பித்தளை வட்டத்தை 64.5 மில்லிமீட்டருக்குக் கடைந்து வைத்தாயிற்று. பல்லின் ஆழம் 1.125 மில்லிமீட்டர். ஒரு பல்லின் கனம் 0.8 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அரிசிக் குருணை அளவுகூட இல்லை. கட்டர், சக்கரத்தின் மையத்துக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் மேலோ கீழோ இருந்தால் பற்கள் எல்லாம் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அனுபவசாலிகள் எடுத்தவுடன் வெட்ட மாட்டார்கள். முதல் சுற்றில் கட்டரின் நுனி லேசாகக் கீறும்படி மட்டும் வைத்து, ஒவ்வொரு முறையும் 40 துளை நகர்த்தி, 127 கீறல்கள் போடுவார்கள். 128-வது கீறல் முதல் கீறலின் மேலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் எங்கோ எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஒரு துளை தப்பினால் பல் 0.04 மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பத்துத் துளை தப்பினால் பல்லில் பாதி காணாமல் போகும். அதனால்தான் எண்ணும் வேலையை வாயிடம் விடாமல், தட்டின் மேல் இரண்டு தகட்டுக் கைகளை 40 துளை அகலத்துக்கு விரித்து வைப்பது வழக்கம். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். துளையைத் தாண்டிப் போய்விட்டால் நேராகப் பின்னால் வரக்கூடாது. அரைச் சுற்றுப் பின்வாங்கி மறுபடி முன்னால் வந்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வார்மின் தளர்ச்சி பல்லில் போய் உட்காரும்.

பல்லுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால்? கைப்பிடியைத் தொடாதவரை நஷ்டமில்லை. வந்த பிறகு விட்ட இடத்தில் தொடரலாம். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் பயணம் செய்து 1902-ல் வந்து சேர்ந்த ஊர் தங்கவயல். நாட்டின் பெரும்பாலான நகரங்கள் அப்போது மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. அந்த ஊரில் மின்வெட்டைப் பற்றிப் பேசுவதில் கொஞ்சம் சங்கடம்தான்.

கடைசிப் பல்லை வெட்டும்போதுதான் உண்மை தெரியும். முதல் பல்லுக்கும் அதற்கும் நடுவே நிற்கும் பித்தளை, மற்றப் பற்களின் கனமே இருந்தால் வேலை ஜெயம். ஒல்லியாகவோ குண்டாகவோ இருந்தால், 126 பற்களும் சேர்ந்து குப்பைக்கு. சரியாக வந்த சக்கரத்தின் பிசிறை எடுத்துவிட்டு 40 பல் சக்கரத்தோடு கோத்து, ஒரு நீளக் கம்பியில் மரை போட்டு, எஃகு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 100 மரை, 100 மில்லிமீட்டர்.

127 பல் சக்கரம் சின்னது என்றால், கைக்கடிகாரத்தின் சக்கரம் அதற்கும் சின்னது. அங்கே ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 0.3 மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. பல் கனம் இரண்டு தலைமயிர் அளவு. இந்தியாவில் அந்த உலகத்தின் கதவைத் திறந்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கையில் கட்டிய எச்.எம்.டி., ஓய்வு பெறும் நாளில் கம்பெனி கொடுத்த எச்.எம்.டி. என்று ஒரு தலைமுறையின் நேரமே அதில் ஓடிற்று. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. கைக்கடிகாரங்கள் மட்டும் பீரோ இழுப்பறைகளில் இன்னும் இருக்கின்றன. பலவற்றில் ஒரே ஒரு பல்தான் உடைந்திருக்கும்.

அந்த ஒரு சக்கரத்தைச் செய்ய முடியுமா? எண்ணிக்கை தெரிந்தால் முடியும். மணிக்கு 18,000 முறை துடிக்கும் சாவிக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கடைசியிலுள்ள எஸ்கேப் சக்கரத்துக்கு 15 பல். ஒவ்வொரு பல்லும் இரண்டு துடிப்பைக் கொடுப்பதால் சக்கரம் மணிக்கு 600 சுற்றுச் சுற்றும். மணிக்கு ஒரே சுற்றுச் சுற்றும் நடுச் சக்கரத்திலிருந்து இந்த 600-ஐப் பெற ஒரு வழி: 80 பல் சக்கரம் 10 பல் பினியனை ஓட்டும், 75 பல் 10 பல்லை ஓட்டும், 80 பல் 8 பல்லை ஓட்டும். எட்டு, ஏழரை, பத்து, பெருக்கினால் 600. இரண்டாவது படியின் முடிவில் மணிக்கு 60 சுற்று. விநாடி முள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது 75 பல் சக்கரத்தை யாராவது கவனக்குறைவாக 74 பல்லாக வெட்டினால்? கடிகாரம் நிற்காது. அழகாக ஓடும், தினமும் பத்தொன்பதரை நிமிடம் முந்தும். பினியனைச் செய்வது சக்கரத்தைவிடக் கஷ்டம். 8 பல், எஃகு, குண்டூசி கனம். பல் பொடிந்தால் தேடிக்கூட எடுக்க முடியாது. கடிகாரப் பற்களின் வளைவும் வேறு; பம்பரக் கயிற்று வளைவு இங்கே செல்லாது, உருளும் வட்டத்தின் மேலுள்ள புள்ளி வரையும் வளைவு வேண்டும். தங்கவயலுக்கு எட்டும் தூரத்திலேயே ஓசூரில் டைட்டன் இருக்கிறது. 2002-ல் மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள எட்ஜ் கடிகாரத்தைக் கொண்டுவந்த கம்பெனி அது. ஆனால் அங்கே நடப்பது லட்சக்கணக்கில் செய்யும் வேலை. பீரோவில் கிடக்கும் அப்பாவின் கடிகாரம் ஒன்றுதானே!

இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள்: துளைத் தட்டு, நாடா, மரத்தட்டு இதெல்லாம் எதற்கு? ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றை வார்மில் மாட்டி, கைக்கடக்கமான மின்னணுப் பலகையில் 127 என்று தட்டினால் போதாதா? போதும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சுற்றுக்கு 200 படி வைக்கும் மோட்டார் 40 பங்கு வார்மோடு சேர்ந்தால் முழு வட்டத்துக்கு 8000 படி. அதை 127-ஆல் வகுத்தால் 62.99. 'சரி, 63' என்று புரோகிராம் எழுதினால் 127 முறைக்கு 8001 படியாகி, கடைசிப் பல் ஒரு படி குறுகிவிடும். ஒவ்வொரு பல்லையும் ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட வேண்டும் என்று தெரிந்தவர் எழுதினால்தான் தப்பிக்கலாம். ஆக, 128-வது கீறல் எங்கே விழுகிறது என்று பார்க்கும் வழக்கத்தை மோட்டார் ஒழித்துவிடவில்லை. காய்ச்சிய எஃகின் நிறத்தைப் பார்க்கவும், கட்டரின் சத்தம் மாறுவதைக் கேட்கவும் மோட்டாருக்குத் தெரியாது.

இந்த 127-க்கு இன்னொரு விலாசமும் உண்டு. கிரேக்கத் தீவான ஆன்டிகிதீராவின் அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1901-ல் பச்சை பூத்த வெண்கலக் கட்டி ஒன்று வெளியே வந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே பற்சக்கரங்கள். எஞ்சியவை மட்டும் 30. சூரியனும் சந்திரனும் வானத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் கருவி. சந்திரன் 19 ஆண்டுகளில் நட்சத்திரங்களைச் சுற்றி 254 முறை வருகிறது. 254-ல் பாதி 127. அதற்கென்று 127 பல் சக்கரம் ஒன்று அந்தக் கருவியில் இருக்கிறது. 25.4 மில்லிமீட்டர் அங்குலத்தோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல். ஆனால் வெட்டியவரின் பாடு ஒன்றேதான். அவரிடம் வார்ம் திருகு இருந்ததற்கு அடையாளமில்லை. பற்கள் சாதாரண முக்கோணங்கள், சிறு அரத்தால் ராவியவை.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மைக்கேல் ரைட், இந்தக் கருவியின் மாதிரியைத் தன் சொந்தப் பட்டறையில் எளிய கைக்கருவிகளால் செய்து ஓட்டிக் காட்டினார். அதையும் ஒரு வீட்டுப் பட்டறை வேலை என்றே சொல்ல வேண்டும்.

ஆண்டர்சன்பேட்டைப் பின்கட்டுக்கு இதைவிட வசதி அதிகம். மோட்டார் இருக்கிறது, வார்ம் இருக்கிறது, எஃகு நாடா ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் கிடைக்கும். முதல் சக்கரத்துக்கு, தட்டும் கட்டரும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகள் நாலைந்து போய்விடும். பிறகு அந்த 127 துளைத் தட்டை எண்ணெய் தடவிச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்தால், அடுத்த சக்கரத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.